மேனேஜ்மென்ட் ரிவியூ: முதல் முறை நடத்தப்போகிறவர்களுக்கு

சுற்றுச்சூழல் ஒருங்கிணைப்பாளராக உங்களைப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. மேலாளர் கூப்பிட்டு, "சான்றிதழ் ஆடிட் வருகிறது, அதற்குள் மேனேஜ்மென்ட் ரிவியூவை முடித்துவிடுங்கள்" என்பார். நிறுவனம் தன் சுற்றுச்சூழல் விஷயங்களைக் கவனிக்க வைத்திருக்கும் நடைமுறைகளை, அதாவது சுற்றுச்சூழல் மேலாண்மை அமைப்பை, உயர் நிர்வாகமே உட்கார்ந்து பரிசீலிக்கும் கூட்டம் அது. தமிழில் மேலாண்மை மீளாய்வு. பழைய கோப்பைப் புரட்டினால் போன வருடக் கூட்டக் குறிப்பு இரண்டு பக்கத்தில் கிடைக்கும். ஒவ்வொரு வரியும் "விவாதிக்கப்பட்டது", "திருப்திகரமாக உள்ளது", "தொடரலாம்" என்று முடிந்திருக்கும். கீழே தலைவரின் கையெழுத்து. தேதியை மட்டும் மாற்றி இதையே மறுபடி அச்செடுத்தால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றும். எனக்கும் தோன்றியது.

நான் செய்தது அதைவிட மோசம். எண்பதுக்கு மேல் ஸ்லைடு தயாரித்துக்கொண்டு போய் நின்றேன். நாற்பதாவது நிமிடத்தில் ஒரு போன் வந்தது, தலைவர் எழுந்து போனார், திரும்பி வரவில்லை. மீதி ஸ்லைடுகளை நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம். சில வாரம் கழித்து வந்த வெளித் தணிக்கையாளர் குறிப்பைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதில் என்ன முடிவெடுத்தீர்கள்?" பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினேன். ஒன்றுகூட இல்லை.

இந்தக் கூட்டத்தை எப்படி ஏற்பாடு செய்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். மேலிடத்தால் மட்டும் எடுக்கக்கூடிய முடிவுகள் என்று சில உண்டு: பணம் ஒதுக்குவது, ஆள் கொடுப்பது, ஒரு வேலையை எப்போது முடிப்பது என்று நாள் குறிப்பது, ஏதாவதொன்றை நிறுத்தச் சொல்வது. அவற்றில் ஒன்றையும் தொடாமல் அவர்கள் எழுந்து போனால், எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் மீளாய்வு நடந்ததாகக் கணக்கில்லை.

தரநிலை உண்மையில் கேட்பது

சுற்றுச்சூழல் மேலாண்மை அமைப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14001 முதலில் 1996இல் வந்தது. 2004இல் ஒரு முறையும் 2015இல் பெரிய அளவில் இன்னொரு முறையும் திருத்தினார்கள். 2015 பதிப்பில் மேலாண்மை மீளாய்வு 9.3ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அடுத்தவர் செய்து வைத்த படிவத்தை நம்பாமல், முதலில் அந்தப் பக்கத்தை நீங்களே ஒரு முறை படித்துவிடுங்கள். படிவங்கள் பெரும்பாலும் பழைய பதிப்பிலிருந்து வந்தவையாக இருக்கும்.

அதில் கவனிக்க வேண்டியது எழுவாய். "உயர் நிர்வாகம் மீளாய்வு செய்ய வேண்டும்" என்றுதான் இருக்கிறது. தரநிலையின் தலைமைத்துவப் பிரிவில் சில வேலைகளை "நடப்பதை உறுதிசெய்ய வேண்டும்" என்று எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்டவற்றை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், பொறுப்பு மட்டும் மேலே இருக்கும். மீளாய்வை அப்படிக் கைமாற்றிவிட முடியாது. தகவலைத் திரட்டுவது, அறிக்கை எழுதுவது, குறிப்பெடுப்பது எல்லாம் உங்கள் வேலை. பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலை.

சரி, உயர் நிர்வாகம் என்றால் யார்? நிறுவனத்தை மிக மேல்மட்டத்தில் இயக்கிக் கட்டுப்படுத்தும் ஆளோ குழுவோதான். அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுக்கவும் வளங்களை ஒதுக்கவும் அவர்களால் முடிய வேண்டும். உங்கள் அமைப்பின் எல்லைக்குள் ஒரே ஒரு ஆலைதான் வருகிறது என்றால், அந்த ஆலையை நடத்துபவர்கள்தான் உயர் நிர்வாகம். குழுமத்தின் தலைமையகத்திலிருந்து யாரும் வந்து உட்கார வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஆலைத் தலைவருக்கு ஒரு தடுப்புச் சுவர் கட்டக்கூடப் பணம் ஒதுக்கும் உரிமை இல்லையென்றால், அவரை வைத்து நடத்தும் கூட்டம் எங்கே போய் முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

2004 பதிப்பில் "நிர்வாகப் பிரதிநிதி" என்று ஒருவரை நியமிக்கச் சொல்லியிருந்தார்கள். நடைமுறையில் என்ன ஆனது என்றால், சுற்றுச்சூழல் விஷயம் எதுவானாலும் அந்த ஒருவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். 2015இல் அந்தப் பதவிப்பெயர் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டார்கள். அமைப்பு பலன் தருகிறதா என்பதற்கு உயர் நிர்வாகமே பதில் சொல்ல வேண்டும் என்றும் எழுதிவிட்டார்கள். பதவிப்பெயர் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், தவறில்லை. பழைய பழக்கம் அதோடு சேர்ந்து வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை? "திட்டமிட்ட இடைவெளிகளில்" என்பதோடு தரநிலை நிறுத்திக்கொள்கிறது. வருடம் ஒரு முறை என்பது வழக்கம். சான்றிதழ் கொடுத்தவர்கள் நடத்தும் கண்காணிப்புத் தணிக்கை வருடாவருடம் வருவதால் அப்படி அமைந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்றும் இல்லை, இதற்கென்று தனிக் கூட்டம் போட வேண்டும் என்றும் இல்லை. வழக்கமான மாதாந்திர நிர்வாகக் கூட்டத்திலேயே பகுதி பகுதியாகப் பார்த்துவிடலாம் என்பதைத் தரநிலையின் பின்னிணைப்பே ஒப்புக்கொள்கிறது. சிறிய நிறுவனம் என்றால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு நாள் முழுக்கத் தலைவரைப் பிடித்து வைப்பதைவிட, மாதம் இருபது நிமிடம் வாங்குவது சுலபம்.

மூன்று சொற்கள்

மீளாய்வின் முடிவில் மேலிடம் மூன்று விஷயத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும்: அமைப்பு பொருத்தமாக இருக்கிறதா, போதுமானதாக இருக்கிறதா, பலன் தருகிறதா. பெரும்பாலான குறிப்புகளில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் "பொருத்தமாகவும் போதுமானதாகவும் பயனுள்ளதாகவும் உள்ளது" என்று எழுதி முடித்திருப்பார்கள். மூன்றும் ஒன்றல்ல என்பது எழுதியவருக்கே தெரிந்திருக்காது.

பொருத்தம் என்பது சட்டை உடம்புக்குச் சரியாக இருக்கிறதா என்பதைப் போல. அமைப்பை எழுதியபோது ஒரே ஷிஃப்ட், எல்லாரும் நிரந்தர ஊழியர்கள். இப்போது மூன்று ஷிஃப்ட், பாதி வேலை ஒப்பந்தக்காரர்களிடம். நடைமுறை ஆவணத்தில் ஒப்பந்தக்காரர் என்ற சொல்லே வரவில்லை என்றால் அமைப்பு நிறுவனத்துக்குப் பொருந்தவில்லை.

போதுமானதா என்பது தரநிலை கேட்பதெல்லாம் இருக்கிறதா, சரியாக நடைமுறைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்பது. ரசாயனம் சிந்தினால் என்ன செய்ய வேண்டும் என்று நடைமுறை இருக்கிறது. பகல் ஷிஃப்டுக்கு ஒத்திகையும் நடந்திருக்கிறது. இரவு ஷிஃப்டுக்கு ஒரு முறைகூட நடக்கவில்லை. இது போதாமை.

பலன்தான் கடினமான கேள்வி. எல்லாப் படிவமும் நிரம்பியிருக்கிறது, எல்லாப் பயிற்சியும் முடிந்திருக்கிறது, கழிவின் அளவு மட்டும் மூன்று வருடமாக அசையவில்லை. அமைப்பு ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் எங்கும் போய்ச் சேரவில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு இது கண்ணில் படாது, ஏனென்றால் அவர்கள் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் மேலிடத்துக்குத்தான் படும். அவர்களை இந்த வேலைக்கு இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் படி: நாள் குறிப்பது

சாதாரண வேலை போலத் தெரியும், ஆனால் இங்கேதான் பாதி மீளாய்வுகள் வீணாகின்றன. வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் சட்டத் தேவைகளை நிறைவேற்றுகிறோமா என்ற மதிப்பீடு, அப்புறம் உள்தணிக்கை, அதற்குப் பிறகு மீளாய்வு, கடைசியில் வெளித் தணிக்கை. உள்தணிக்கை அறிக்கை வராமல் கூட்டத்தை நடத்தினால் மேலிடம் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. வெளித் தணிக்கைக்கு நாலு நாள் முன்னால் நடத்தினால், எடுத்த முடிவில் ஒன்றையும் தொடங்கியிருக்க மாட்டீர்கள். குறைந்தது ஆறு வாரம் இடைவெளி விடுங்கள்.

புதிதாகச் சான்றிதழ் வாங்கப்போகும் நிறுவனம் என்றால் இன்னும் முன்னாலேயே. முதல் கட்டத் தணிக்கையிலேயே உள்தணிக்கையும் மீளாய்வும் திட்டமிட்டு நடக்கின்றனவா என்று பார்ப்பார்கள்.

இன்னொரு நாளையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்: நிறுவனத்தின் பட்ஜெட் எப்போது முடிவாகிறது? மீளாய்வு அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் வந்தால் நீங்கள் கேட்பது பட்ஜெட்டில் ஏறும். அதற்கு அடுத்த வாரம் வந்தால் கேட்டதற்கெல்லாம் "நல்ல யோசனை, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்ற ஒரே பதில்தான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

இரண்டாம் படி: உள்ளீடுகளைத் திரட்டுவது

தரநிலை ஒரு பட்டியல் தருகிறது. முந்தைய மீளாய்வில் எடுத்த நடவடிக்கைகளின் நிலை, சூழலிலும் ஆபத்துகளிலும் ஏற்பட்ட மாற்றங்கள், குறிக்கோள்கள் எவ்வளவு எட்டப்பட்டன, சுற்றுச்சூழல் செயல்திறன் எந்தப் போக்கில் போகிறது, வளங்கள் போதுமா, வெளியிலிருந்து வந்த புகார்களும் கடிதங்களும், மேம்படுத்த என்ன வாய்ப்பு. எல்லாவற்றையும் சமமாக நிரப்ப வேண்டாம். சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்கு ஒரு பக்கம் வேண்டும்.

முந்தைய நடவடிக்கைகளில் தொடங்குங்கள். முடிந்ததை முடிந்தது என்றும் முடியாததை முடியவில்லை என்றும் எழுதுங்கள். "நடைபெற்று வருகிறது" என்ற சொல்லைத் தடைசெய்துவிடுங்கள். மூன்று வருடமாக நடைபெற்று வரும் வேலைகளை நான் பார்த்திருக்கிறேன். அது நடைபெறவுமில்லை, வரவுமில்லை.

மாற்றங்கள் என்ற தலைப்பில் நான்கைப் பார்க்க வேண்டும்: நிறுவனத்துக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள சூழல், அக்கறையுள்ள தரப்பினரின் எதிர்பார்ப்புகளும் சட்டத் தேவைகளும், முக்கியமான சுற்றுச்சூழல் கூறுகள் (சுற்றுச்சூழலைப் பாதிக்கக்கூடிய உங்கள் வேலைகளும் பொருள்களும்), ஆபத்துகளும் வாய்ப்புகளும். புதிய இயந்திரம் வந்திருந்தால், மூலப்பொருள் மாறியிருந்தால், பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கார்பன் கணக்குக் கேட்டுக் கடிதம் எழுதியிருந்தால் இங்கே வரும். 2024இல் தரநிலையில் ஒரு சிறு திருத்தம் செய்தார்கள். பருவநிலை மாற்றம் உங்கள் நிறுவனத்தைப் பொறுத்தவரை பொருட்படுத்த வேண்டிய விஷயமா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும் என்பது அது. பலர் இதற்கு "பொருந்தும்" என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பொருந்தும் என்றால் எப்படி? தண்ணீர் கிடைப்பதிலா, வெள்ளத்திலா, எரிசக்திச் செலவிலா? அந்தப் பேச்சை மேலிடம் பேச வேண்டும், நீங்கள் தனியாக உட்கார்ந்து எழுத முடியாது.

செயல்திறன் எண்களில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு. போன வருடம் 1,000 டன் உற்பத்திக்கு 5,000 கிலோலிட்டர் தண்ணீர் செலவானது. இந்த வருடம் 1,200 டன்னுக்கு 5,500 கிலோலிட்டர். உங்கள் இலக்கு "தண்ணீர்ப் பயன்பாட்டைக் குறைப்பது". எட்டினீர்களா? ஒரு டன்னுக்கு 5 கிலோலிட்டராக இருந்தது ஏறத்தாழ 4.58 ஆகியிருக்கிறது, சுமார் 8 சதவீதம் குறைவு. மொத்தமாகப் பார்த்தால் 10 சதவீதம் கூடுதல். உற்பத்தித் துறை முதல் எண்ணைச் சொல்லும், பக்கத்தில் வசிப்பவர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. நிலத்தடி நீர் உங்கள் டன் கணக்கைப் பார்த்து ஊறுவதில்லை. எனவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எதை இலக்காக வைப்பது என்பது மேலிடம் எடுக்க வேண்டிய முடிவு. சாதகமான எண்ணை மட்டும் காட்டினால் அந்த முடிவை அவர்கள் கையிலிருந்து நீங்கள் பறித்துக்கொண்டீர்கள் என்று அர்த்தம்.

எண்ணை அவர்களுக்குப் புரியும் அளவுக்கு மாற்றுவதும் உங்கள் பொறுப்பு. "ஏசி பராமரிப்பில் ஆர்-410ஏ வாயு 5 கிலோ கசிந்தது" என்றால் யாரும் தலை நிமிர மாட்டார்கள். அந்த வாயுவின் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டையாக்சைடைப் போல் ஏறத்தாழ 2,088 மடங்கு என்று கணக்கிடுவது வழக்கம். அப்படியானால் 5 கிலோ கசிவு சுமார் 10.4 டன் கார்பன் டையாக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ வருகிறது. ஆக, அந்தக் கசிவு கிட்டத்தட்ட 3,900 லிட்டர் டீசலை எரித்ததற்குச் சமம். இப்போது நிதித்துறைத் தலைவர்கூட நிமிர்ந்து உட்காருவார்.

ஒரு வருட எண்ணைத் தனியாகக் காட்டாதீர்கள். தரநிலை "போக்கு" என்று கேட்கிறது. மூன்று வருட எண்களாவது வேண்டும். முரண்பாடுகளுக்கும், அதாவது ஒரு தேவை நிறைவேறாத இடங்களுக்கும், அப்படித்தான்: "உள்தணிக்கையில் 14 முரண்பாடுகள், எல்லாம் மூடப்பட்டன" என்பதில் ஒன்றும் தெரியாது. அந்த 14இல் 6 ஒரே கிடங்கில் வந்தன, போன வருடமும் அங்கேதான் வந்தன என்பதில்தான் செய்தி இருக்கிறது.

சட்டத் தேவைகளில் மழுப்பல் கூடாது. உரிமத்தில் எழுதிய வரம்பை எங்கே, எந்த நாளில், எவ்வளவு தாண்டினோம் என்று நேராக எழுதுங்கள். ஒருங்கிணைப்பாளர்கள் பயந்துகொண்டு இதை மென்மையாக்கிவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் அதிகாரிகளிடமிருந்து நோட்டீஸ் வரும்போது, "எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்று தலைவர் சொல்வார். அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும்.

புகார்கள் குறைவாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், புகார் சொல்ல வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாயிற்காவலரிடம் வந்து துர்நாற்றம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள்.

மரக்கன்று நடும் படங்கள். உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று எடுத்தது. ஒவ்வொரு மீளாய்விலும் நாலு ஸ்லைடு இதற்கே போகும். நட்டது நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? அதில் மேலிடம் முடிவெடுக்க ஒன்றுமில்லை, அவ்வளவுதான். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

மூன்றாம் படி: இரண்டு பக்கக் குறிப்பு

திரட்டியதையெல்லாம் இணைப்பாக வைத்துக்கொண்டு, முன்னால் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாத ஒரு குறிப்பு எழுதுங்கள். முதல் பக்கத்தில் நிலவரம். இரண்டாம் பக்கத்தில் "உங்களிடமிருந்து வேண்டிய முடிவுகள்" என்ற தலைப்பில் மூன்றோ நான்கோ, ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் கேள்வியாக இருக்கட்டும்.

எடுத்துக்காட்டாக: எண்ணெய் டிரம்கள் வைக்கும் இடத்தில் தடுப்புச் சுவர் இல்லை. இந்த வருடம் இரண்டு முறை கசிந்து மழைநீர் வடிகால் வரை போனது. இருப்பதிலேயே பெரிய கொள்கலனின் கொள்ளளவில் 110 சதவீதத்தைத் தாங்கும் சுவர் கட்டுவது பரவலான நடைமுறை. இதற்குச் செலவு இவ்வளவு, கட்ட ஆறு வாரம். இல்லையென்றால் டிரம்களை உள்கிடங்குக்கு மாற்றலாம். செலவு குறைவு, ஆனால் போர்க்லிஃப்ட் பாதை தடைபடும். எது?

இப்படி எழுதினால் மேலிடத்தால் "விவாதிக்கப்பட்டது" என்று நழுவ முடியாது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் அனுப்பிவிடுங்கள். படிக்க மாட்டார்கள் என்பீர்கள். இரண்டு பக்கம் என்றால் படிப்பார்கள், காரில் வரும்போதாவது.

அனுப்புவதற்கு முன்னால் சம்பந்தப்பட்ட துறைத் தலைவர்களைத் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். கிடங்கு மேலாளர் தன் கிடங்கில் ஆறு முரண்பாடு என்பதைத் தலைவர் முன்னால் முதல் முறையாகக் கேட்டால், அவர் சுவரைப் பற்றிப் பேச மாட்டார், உங்களைப் பற்றித்தான் பேசுவார். முன்கூட்டியே சொன்னால், பெரும்பாலும் அவரே உங்கள் பக்கம் நின்று பணம் கேட்பார். அவருக்கும் அந்தச் சுவர் வேண்டும்.

நான்காம் படி: கூட்டம்

ஒன்றரை மணி நேரம் போதும். தலைமை தாங்குபவர் உயர் நிர்வாகத்திலிருந்து இருக்கட்டும், நீங்கள் தாங்காதீர்கள். முடிவு வேண்டிய கேள்விகளை முதலில் எடுத்துவிடுங்கள், நிலவரம் அப்புறம். தலைவர் நடுவில் எழுந்து போகக்கூடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். தரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கான மீளாய்வும் உங்கள் நிறுவனத்தில் உண்டு என்றால் சேர்த்தே நடத்தலாம். ஐஎஸ்ஓ 9001, 45001 ஆகியவற்றின் தற்போதைய பதிப்புகளும் ஏறக்குறைய இதே அமைப்பில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே ஆபத்து, தரத்தைப் பற்றிப் பேசிப் பேசி நேரம் போய்விட்டு சுற்றுச்சூழலுக்குக் கடைசிப் பத்து நிமிடம் மிஞ்சுவது. நிகழ்ச்சி நிரலில் அதை முன்னால் போடுங்கள்.

இனி வரும் பத்தியை அப்படியே எடுத்து உங்கள் தலைவருக்கு அனுப்பிவிடலாம்.

ஐயா அல்லது அம்மா, இந்தக் கூட்டத்தில் உங்களிடமிருந்து தொழில்நுட்ப அறிவை யாரும் எதிர்பார்க்கவில்லை. கேள்விகள் போதும். எந்தச் சட்டத் தேவையில் இன்று நாம் தவறியிருக்கிறோம்? இந்த எண்ணை அளந்தது யார், எப்படி? எல்லா இலக்கையும் எட்டிவிட்டோம் என்றால் இலக்குகள் மிகச் சுலபமாக இருந்தனவா? எட்டாத இலக்குக்கு என்ன செய்யப்போகிறோம், அல்லது அந்த இலக்கே தப்பா? இந்த வருடம் என் அனுமதி தேவைப்பட்டும் நீங்கள் கேட்கத் தயங்கி விட்டுவிட்டது எது? கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். முதலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். காத்திருந்தால் திறப்பார்கள். கெட்ட செய்தியைக் கொண்டு வந்தவரை அந்த இடத்தில் நீங்கள் கடிந்துகொண்டால், அடுத்த வருடத்திலிருந்து உங்களுக்கு நல்ல செய்தி மட்டும்தான் வரும். இன்னொன்று: புதிய தயாரிப்பு, இடமாற்றம், பெரிய கொள்முதல் என்று உங்கள் மனதில் இருப்பதை இவர்களிடம் சொல்லுங்கள். நிறுவனம் போகும் திசையை இந்த மீளாய்வு மாற்றக்கூடுமா என்பதும் தரநிலை கேட்கும் விளைவுகளில் ஒன்று. அந்தத் திசை உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஐந்தாம் படி: குறிப்பெழுதுவது

தரநிலை கேட்கும் விளைவுகள்: பொருத்தம், போதுமான தன்மை, பலன் பற்றிய முடிவு, மேம்பாட்டுக்கான தீர்மானங்கள், வளங்கள் உட்பட அமைப்பில் தேவைப்படும் மாற்றங்கள், எட்டாத குறிக்கோள்களுக்கு நடவடிக்கை, சுற்றுச்சூழல் வேலையை மற்ற வேலைகளோடு இன்னும் நன்றாக இணைக்க வழி உண்டா என்பது, திசையில் ஏதாவது பாதிப்பு. இவற்றுக்குச் சான்றாக ஆவணம் இருக்க வேண்டும். எந்த வடிவத்தில் என்று தரநிலை சொல்லவில்லை.

ஒரே விஷயத்தை எழுதும் இரண்டு விதத்தைப் பாருங்கள். "எண்ணெய்க் கசிவு பற்றி விவாதிக்கப்பட்டது. உரிய நடவடிக்கை எடுக்க அறிவுறுத்தப்பட்டது." இதை வைத்து யாராலும் ஒரு செங்கல்கூட வாங்க முடியாது. "டிரம் கிடங்குக்குத் தடுப்புச் சுவர் கட்ட ஒப்புதல் தரப்பட்டது. பராமரிப்பு மேலாளர் பொறுப்பு. மார்ச் 31க்குள் முடிய வேண்டும். அதுவரை டிரம்களுக்கு அடியில் எண்ணெய் பிடிக்கும் தட்டுகள் வைக்கப்படும்." இதில் எல்லாம் இருக்கிறது.

ஒரு கோரிக்கையை மறுத்தால் அதையும் எழுதுங்கள், காரணத்தோடு. "வேண்டாம்" என்பதும் முடிவுதான். மறுப்பே இல்லாத மீளாய்வுக் குறிப்பைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. யாரும் எதையும் கேட்கவில்லை போலிருக்கிறது.

கூட்டம் முடிந்த இரண்டு நாளுக்குள் குறிப்பை அனுப்புங்கள். ஒரு வாரம் போனால் அவரவர் நினைவில் அவரவர் முடிவு இருக்கும்.

அதற்குப் பிறகு

முடிவுகளை உங்கள் மேசை இழுப்பறையில் பூட்டி வைக்காமல், மற்ற வேலைகள் எந்தப் பட்டியலில் கண்காணிக்கப்படுகின்றனவோ அதே பட்டியலில் ஏற்றுங்கள். பராமரிப்புத் துறைக்குத் தனி வேலைப் பட்டியல் இருந்தால் சுவர் அங்கே வரிசை எண்ணோடு வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரைப் பக்க நிலவரம் தலைவருக்கு. நாள் தாண்டிய வேலை இருந்தால் அது முதல் வரியில்.

தணிக்கையாளர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதியவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. அவர்கள் பெரும்பாலும் தலைவரிடமே நேராகப் பேச வேண்டும் என்பார்கள். அவருக்குப் பதில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இரண்டாவது கேள்வியிலேயே அது கலைந்துவிடும். போன மீளாய்வில் என்ன முடிவெடுத்தீர்கள் என்று கேட்கும்போது, "டிரம் கிடங்குக்குச் சுவர் கட்டப் பணம் ஒதுக்கினேன், மார்ச்சில் முடிந்துவிட்டது" என்று அவரால் கோப்பைப் பார்க்காமல் சொல்ல முடிந்தால், தணிக்கையாளர் பேனாவை மூடிவிட்டு அந்தச் சுவரைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்பார். கூட்டிக்கொண்டு போங்கள்.